பவுனு வீட்டு மரப்படி

எந்தப் படியில் இறங்கினாலும் பாண்டுரங்கன் கடைசிப் படியில் கொஞ்சம் நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அவர் கால் தரையில் படும். கோயில் படியானாலும் சரி, கல்யாண மண்டபத்துப் படியானாலும் சரி. பின்னால் வயதானவர்கள் யாராவது இறங்கிக்கொண்டிருந்தால், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், "எடது காலு, எடது காலு. கம்பிய வுடாதீங்க" என்பார். யாரும் இல்லையென்றால் வெறும் படியை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குவார். கல்யாணமான புதிதில், மனுஷன் எதையோ மறந்து வைத்துவிட்டுத் தேடுகிறார் என்று பவுனு நினைத்தாள். அது பஸ்ஸோடு வந்த பழக்கம் என்று பிறகுதான் புரிந்தது. எல்லாரும் இறங்கியாயிற்றா என்று பார்க்காமல் விசில் ஊத மாட்டார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பார்வை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பாண்டுரங்கன் பஸ் கண்டக்டர். முதலில் மரக்காணம் ரூட், அப்புறம் கடைசிவரைக்கும் விழுப்புரம் ரூட். பவுனு கருவாட்டுக்காரி. மரக்காணத்துப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மாவும் கருவாடுதான் விற்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திண்டிவனம் வருவாள். ஒரு நாள் நல்ல கூட்டத்தில் புதுக் கண்டக்டர் ஒருவன் நாற்றம் தாங்கவில்லை என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு அவள் கூடையை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டான். கூடை இறங்கினால் கூடைக்காரியும் இறங்கத்தானே வேண்டும்? அந்த வருஷமே பவுனுவைப் பெண் பார்க்கப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவந்தாண்டி என் கூடைய எறக்கி வுட்டவன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "ரூல்ஸு அப்டிம்மா" என்றாராம்.

"ரூல்ஸு வூட்ல கருவாட்டுக் கொழம்பு துன்னாதா?"

அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் வீட்டில் வாய்ச்சண்டை வரும்போதெல்லாம் பவுனு அந்தக் கூடையை எடுத்துவிடுவாள். உடனே பாண்டுரங்கன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

திண்டிவனத்தில் அவர்கள் வீடு இருக்கும் தெருவில் வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போனது, வீடுகள் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போயின. அந்தப் பெரும் புயல் வந்த வருஷம் தண்ணீர் உள்ளே புகுந்து கட்டில் கால்வரைக்கும் நின்றது. பின்பக்கத்து வேப்பமரம் சாய்ந்து குளியலறைச் சுவரின் மேல் படுத்துக்கொண்டது. கருவாட்டு மூட்டைகள் ஊறி, வீதியெல்லாம் நாறிப் போயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ரஞ்சித் வந்து பார்த்துவிட்டு, "இனிமே தண்ணி உள்ள வரக்கூடாது" என்று கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டுத் தரையையே தூக்கிவிட்டான். இப்போது வாசல் ரோட்டைவிட நல்ல உயரம். கால்வாயின் மேலே சிமெண்டில் படியும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தப் படி ஆறு மாசம் இருந்தது. மழைக்கு முன்னால் கால்வாயைத் தூர்வார ஜேசிபி வந்தது. கால்வாயை மூடிக் கட்டியிருந்தால் எப்படி வாருவது? தெரு முழுக்க எல்லார் வீட்டுப் படியையும் எடுத்தார்கள். சிலர் கத்தினார்கள். பாண்டுரங்கன் கத்தவில்லை. "அவன் சொல்றதும் ஞாயந்தான? இந்தத் தண்ணிதான் போன தபா நம்ம வூட்டுக்குள்ள வந்துது" என்று சொல்லி, கால்வாயின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி வைத்தார். அதில்தான் ஏற்றமும் இறக்கமும்.

ஆடி மாசத்தில் ஒரு காலை பவுனு பால் வாங்க இறங்கினாள். மேல் கல் புரண்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன முழங்கால். எலும்பு உடையவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் வீக்கம் வடிய நாளாயிற்று. வீக்கம் வடிந்த பிறகும் பயம் வடியவில்லை. வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்லைப் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள்.

திண்டிவனம் வாரச் சந்தையில் அவள் உட்காரும் இடம் நுழைவாயிலிலிருந்து வலது பக்கம், புளியமரத்து நிழலில். அம்மா உட்கார்ந்த இடம், பிறகு இவள் உட்கார்ந்தாள். ஒரு சாக்கை விரித்து நெத்திலி, வாளை, காரப்பொடி மீன், சென்னாக்குன்னிப் பொடி இறால் என்று தனித்தனியாகக் குவித்துவிட்டால் நிமிர நேரம் இருக்காது. கண்டாச்சிபுரத்துப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் அவளைத் தேடிக்கொண்டு வருவார்கள். கேப்பைக்களிக்கு எந்தக் கருவாடு, பிள்ளை பெற்றவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவளிடம் கேட்டு வாங்குவார்கள். வீட்டில் அதிகம் பேசாத பவுனு சந்தையில் நன்றாகப் பேசுவாள். அங்கே அவளுக்குக் குரலே வேறு.

புரட்டாசி பிறந்தால் கருவாட்டுக்கு வேலை இல்லை. பாதி ஊர் கவிச்சியைத் தொடாது. கருவாட்டுக்காரிகள் எல்லாரும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். ஐப்பசி பிறந்து முதல் சந்தை கூடும்போது பார்க்க வேண்டும், ஒரு மாசம் வாயைக் கட்டியிருந்த சனம் மொத்தமும் வந்து விழும். மழை வேறு. மழைக்குக் கருவாட்டுக் குழம்பைப்போல ஏது?

ஆவணி முழுக்க பவுனுவின் இடத்தில் சாக்கு மட்டும் விரித்துக் காத்து வந்தவள் சவுரியம்மாள். பக்கத்து இடத்துக்காரி. ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படியே. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் தெருவில் நின்றபடியே கூப்பிட்டாள். அந்தக் கல்லின் மேல் ஏற அவளுக்கும் தைரியம் இல்லை.

"ஏ பவுனு! வெளிய வா. ஒரு சங்கதி."

பவுனு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்தைக் குத்தகை எடுத்திருக்கானே, அவங்கிட்ட செஞ்சிப் பக்கத்துலருந்து ஒருத்தன் வந்து கேட்டுக்கினு கீறான். குட்டியானை வண்டில கருவாடு கொணாந்து விக்கிறானாம். குடை, லைட்டு, மைக்கு எல்லாம் வச்சிக்கினு. உன் எடந்தான் வோணுமாம். ஐப்பசி மொதல் சந்தைல யாரு வந்து குந்தறாங்களோ அவங்களுக்குத்தான் எடம், சாக்கெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டான்."

"இன்னும் சரியாவல சவுரி. கால்..."

"கால வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீ வந்து குந்தணும், அவ்ளோதான்."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாண்டுரங்கன் எழுந்து வந்தார். "படி இருந்தா போயிடுவா. நான் பண்றேன்" என்றார்.

"நீயா கண்டக்டரே? நீ இன்னா பண்ணுவ, டிக்கெட்ட கிழிச்சி அடுக்குவியா?"

"மரத்துல பண்றேன். கால்வா வார வந்தா தூக்கி வச்சிட்டு மறுபடியும் போட்டுக்கலாம். பாத்துக்கினே இரு."

பாண்டுரங்கன் வீட்டில் ஓர் ஆணி அடித்து பவுனு பார்த்ததில்லை. காலண்டர் மாட்டுவதற்குக்கூட ரஞ்சித் வர வேண்டும். ஆனால் மறுநாள் காலையிலேயே மனுஷன் கிளம்பிவிட்டார். புயலில் சாய்ந்த வேப்பமரத்தின் அடிமரம் பின்பக்கம் கூரைத் தகட்டுக்குக் கீழே கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தது. அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மரவாடியில் பலகையாக அறுத்து வாங்கி வந்தார். அடுத்த வீட்டுச் சித்ராவின் புருஷனிடம் டிரில்லிங் மிஷின் இரவல். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலை நடந்தது. காதுக்கு மேல் பென்சில். பஸ்ஸில் டிக்கெட் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுவதுபோல ஸ்க்ரூக்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

"மாமா, டேப்பு வச்சி அளக்கலியா?" என்று சித்ரா மதில் மேலிருந்து கேட்டாள்.

"எத்தினி வருசம் ஏறி எறங்கியிருக்கேன், படி உசரம் எங்காலுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, வாசலுக்கு வெளியே நின்று காலைத் தூக்கி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அப்புறம் விரல் விட்டு எண்ணினார். "லாபம், நஷ்டம், லாபம். சரியா வந்துடிச்சு."

படி கட்டும்போது இந்தப் பக்கத்தில் எல்லாரும் எண்ணுகிற எண்ணிக்கை அது. முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், அதற்கடுத்தது லாபம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். நஷ்டத்தில் முடிந்தால் கொத்தனாரே கட்டமாட்டார். அதிலும் வியாபாரம் பண்ணுகிறவள் ஏறி இறங்குகிற படி. பாண்டுரங்கனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

பவுனு உள்ளே உட்கார்ந்தபடி ரம்பம் அறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பலகையைத் தப்பாக அறுத்துவிட்டால் "ச்சே" என்பார். சரியாகப் பொருந்தினால் வாயாலேயே விசில் அடிப்பார். அந்த நாட்களில் அவர் நேரத்துக்குச் சாப்பிடவில்லை, டீக்கடைக்குப் போகவில்லை, பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. தனக்காக ஒரு மனுஷன் இப்படி வேர்த்து வழிந்து அவள் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் குனிந்து இழைக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள்.

படி தயாரான அன்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் குங்குமம் வைத்து வாசலில் பொருத்தினார். மூன்று அகலப் படிகள். வார்னிஷ் பளபளத்தது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"எறங்கு பவுனு" என்று கையை நீட்டினார்.

அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் படியில் கால் வைக்கும்போதே கீழே பள்ளத்தில் விழுவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏறும்போது அவர் மேலே நின்று கையைப் பிடித்துத் தூக்கினார், இவள் ஏறினாள்.

"எப்டி?"

"நல்லாகீது" என்றாள்.

அதற்கப்புறம் அவர் இருக்கும்போது மட்டும் இறங்கினாள். அவரும் ஆசையாக வந்து கை கொடுத்தார். புதுப்படி, பழக வேண்டும், அவ்வளவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். பழகிப் பார்க்கத்தான் பவுனுவும் நினைத்தாள். அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டாள். எட்டவில்லை. எட்ட வேண்டுமென்றால் வலிக்கும் காலை மடக்க வேண்டும். மடக்கினால் முழங்காலுக்குள் கத்தி வைத்ததுபோல இருந்தது. கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்தாள். புடவையைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

"இன்னா அத்தை, சறுக்குமரம் ஆடறியா?" என்று மதில் மேலிருந்து குரல் வந்தது. சித்ரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பவுனுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், சத்தம் போடாத. மாமாகிட்ட சொல்லிடாதடி."

"இன்னாத்துக்கு? ஒசரமா இருக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லிடுவேன். சொன்னா அந்த மூஞ்சிய யாரு பாக்கறது?"

சித்ரா வந்து இரண்டு கைகளையும் பிடித்து அவளை மேலே ஏற்றிவிட்டாள்.

பவுனு சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்? காலையில் எழுந்ததும் அவர் அந்தப் படியைத் துணியால் துடைக்கிறார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "வேப்பமரம். செல்லு, கரையான் ஒண்ணும் அரிக்காது" என்கிறார். ரஞ்சித்துக்குப் போட்டோ அனுப்பி, அவன் கட்டைவிரல் பொம்மை அனுப்பியதை இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டினார். கண்டக்டர் வேலையில் யாரும் அவரைப் புகழ்ந்ததில்லை. சில்லறை இல்லை என்றால் திட்டுவார்கள், நிறுத்தத்தில் நிற்கவில்லை என்றால் திட்டுவார்கள். இப்போதுதான் தெருவே பார்த்து, 'அட' என்கிறது. அதைத் தன் வாயால் கெடுப்பதா?

புரட்டாசி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை தளிகை போட்டுப் பெருமாளுக்குக் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது பவுனு மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இடம் போனால் போகிறது. வயசும் ஆகிவிட்டது. அதை நினைத்ததும் புளியமரத்து நிழலும், சாக்கின் மேல் வெள்ளிபோலக் கிடக்கும் நெத்திலியும் கண்ணுக்குள் வந்தன. அடுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். ஒரே ஒரு தடவை மூக்கைச் சிந்திவிட்டு, சித்ராவின் போனிலிருந்து சவுரியம்மாளை வரச்சொன்னாள்.

சவுரியம்மாள் வந்தபோது பாண்டுரங்கன் பின்பக்கம் குழாயடியில் இருந்தார். அவள் எப்படியோ நிலையைப் பிடித்து மூச்சு வாங்க ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"சவுரி, அந்த எடத்த நீயே எடுத்துக்க. ரெண்டையும் சேத்துப் போட்டுக்கோ. வண்டிக்காரனுக்குப் போறதுக்கு உனக்குப் போவட்டும்."

சவுரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடி ஆச்சி உனக்கு? படி போட்டாச்சின்னு உங்க வூட்டுக்காரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கினு திரியறாரு, நீ இன்னாடான்னா எடத்த வுட்டுத் தர்றேன்ற?"

"முடியல சவுரி."

"காலு முடியலியா, மனசு முடியலியா?"

பவுனு காப்பி கொண்டுவந்து வைத்தாள். சவுரியம்மாள் காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு உன் எடம் வோணாம். பக்கத்துல நீ இல்லாம நான் யாரோட சண்ட போடுவேன்?" என்று எழுந்து வாசலுக்குப் போனாள். இறங்கக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பாண்டுரங்கன் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"கண்டக்டரே, வந்து கையப் புடி! யாரு ஏறி எறங்கறது இந்தப் படியில? மரக்காணம் பஸ்ஸுல எறங்கறாப்லயே கீது. ஒரே ஒரு விசிலு கொடுத்தியானா போதும், நான் கீழ குதிச்சிடுவேன்!"

தெருவில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாண்டுரங்கனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். அவள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. படியைப் பார்த்தார். வாசலில் நின்ற பவுனுவைப் பார்த்தார். பவுனு வேறு பக்கம் பார்த்தாள். அவர் உள்ளே போய், இதுவரை தொடாத டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஸ்டாண்டுல பழைய வண்டி ஒண்ணு நிக்குது. அதுல அளந்து பாத்தேன்."

"இன்னாத்த?"

"படிய. பஸ் படியும் நம்ம வூட்டுப் படியும் ஒரே உசரம் பவுனு. ஒரு நூல் வித்தியாசம் இல்ல." அவர் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இந்தக் காலுக்குத் தெரிஞ்ச படி அது ஒண்ணுதான். அதையே அப்டியே கொணாந்து வாசல்ல வச்சிருக்கேன். எத்தினி கெழவிங்க அந்தப் படியத் திட்டிக்கினே ஏறியிருக்காங்க, எங்காதுல விழுந்துதா பாரு."

பவுனுவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை விடுவது என்று தெரியாமல், "எங்கம்மாவும் திட்டியிருக்குது" என்றாள்.

"உங்கம்மா என்னத் திட்டியிருக்கும், படிய இல்ல." டேப்பைப் பையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"வார்னிஷு ரெண்டு தபா அடிச்சியே."

அவர் எழுந்து பின்பக்கம் போய் மிச்சமிருந்த பலகைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். அவளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். வலிக்கும் காலைத் தூக்கச் சொல்லி, அதற்குக் கீழே ஒரு துண்டை வைத்தார். "ஏறு." ஏறினாள். இன்னொரு துண்டை அதன் மேல் வைத்தார். ஏறினாள். மூன்றாவதை வைத்தபோது ஏறினாள், ஆனால் அவள் புருவம் சுருங்கியது.

"தோ, மூஞ்சி சுளிச்சிட்ட."

"இல்லய்யா."

"நான் மூஞ்சியத்தான் பாத்துக்கினு கீறேன், காலப் பாக்கல. எடு." அந்தத் துண்டை எடுத்துவிட்டார். மிஞ்சிய உயரத்தை டேப்பில் அளந்தார். வாசலின் உயரத்தையும் அளந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் வகுத்துப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"இன்னாய்யா?"

"ஆறு வருது."

"சரி, ஆறு போடு."

"ஆறு நஷ்டத்துல முடியும். அஞ்சு போட்டா உனக்கு ஒசரம். ஏழு போட்டா ஒரு மாதிரி குள்ளமா, தட்டிவுடும். காலு தடுக்கும்." தலையைச் சொறிந்தார். "வியாபாரம் பண்ற பொம்பள. தெனம் நஷ்டத்துலருந்து எறங்குவியா?"

பவுனு சுவரைப் பிடித்தபடியே யோசித்தாள். ஊறி நாறிப் போன மூட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஈ மொய்த்துக் கொட்டிய வாளை, மழையில் யாருமே வராத சந்தைகள், கடன் சொல்லிவிட்டு மறுபடி முகம் காட்டாதவர்கள்.

"இத்தினி வருசமா கருவாடு விக்கறேன். நஷ்டம் வராம இருந்துதா? படியில இல்லன்னா மட்டும் வராம பூடுமா? அதுவும் வந்து குந்திட்டுப் போவட்டும், அதுக்கும் ஒரு படி இருக்கட்டும். நீ ஆறே போடு."

பாண்டுரங்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் இப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. அது சந்தைக்குரல். "சரி" என்றார்.

ஆறு படி நேராக இறங்கினால் ரோட்டின் நடுவே போய் நிற்கும், ஷேர் ஆட்டோக்காரன் திட்டுவான். அதனால் வாசலுக்கு வெளியே ஒரு மேடையைப் போட்டு, படியைச் சுவரோரமாகத் திருப்பினார். முதலில் செய்த படியின் பலகைகளையே பிரித்து, அறுத்து, மறுபடி கோத்தார். போதாததற்குக் குளியலறைக் கதவின் பழைய சட்டங்கள். வார்னிஷ் அடித்த பலகையும் அடிக்காத பலகையும் மாறி மாறி வந்ததால் பார்க்க ஒரு தினுசாகத்தான் இருந்தது. தெருவில் யாரும் 'அட' என்று சொல்லவில்லை. "இன்னா கண்டக்டரே, மறுபடியும் பேஜாரா?" என்று கேட்டவர்களிடம், "மொத வண்டி பிரேக் டவுன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சுவரோடு ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தார். ஒவ்வொரு பலகையை முடுக்கும் முன்னாலும் பவுனுவைக் கூப்பிட்டுக் கால் வைக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை அவள் வேண்டுமென்றே மூஞ்சியைச் சுளித்தாள். அவர் பதறிப்போய் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்ததும் சிரித்துவிட்டாள்.

"வெளையாட்டு வந்துடிச்சி உனக்கு" என்றார்.

ஐப்பசி முதல் சந்தையன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மரக்காணத்திலிருந்து பவுனுவின் தம்பி அனுப்பிய சரக்கு முந்தின நாளே வந்திருந்தது. விடியும் முன்னே பாண்டுரங்கன் மூட்டைகளை இறக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, கை கொடுப்பதற்காகத் திரும்பி வந்தார்.

"நீ கீழயே நில்லு" என்றாள் பவுனு.

குழாயைப் பிடித்துக்கொண்டாள். பலகை ஈரமாக இருந்தது. வழுக்காமல் இருக்க அவர் மேலே சைக்கிள் டயரை வெட்டிப் பட்டையாக அடித்திருந்தார். ஒரு கால் வைத்தாள், இன்னொரு காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அடுத்த படி. அடுத்த படி. எண்ணவில்லை. கால்வாய்த் தண்ணீர் கீழே சலசலத்தது. தரையில் கால் பட்டபோதுதான் மூச்சு விட்டாள். பாண்டுரங்கன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், நீட்டிவிடாமல் இருப்பதற்காக.

"ஜல்தி போலாம் வா" என்றாள்.

சந்தையில் புளியமரத்துக்கு எதிரே குட்டியானை வண்டி வந்து நின்றிருந்தது. வண்டிக்காரன் இறங்கிக் குடையை விரிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான். பவுனு ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகப் போய்ச் சாக்கை விரித்து, கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முன்பெல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வாள். இப்போது அது ஆகாது. குத்தகைக்காரர் வந்தார்.

"இன்னாம்மா, வரமாட்டேன்னு சொன்னாங்க?"

"சொன்னவங்கள கேளுங்க" என்றாள் பவுனு, நெத்திலியைக் குவித்தபடி.

குத்தகைக்காரர் வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு கோடிப்பக்கம் இடம் காட்டப் போனார். சவுரியம்மாள் தன் சாக்கிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டியாடி? என் பக்கம் ரெண்டு வெரக்கட ஏறி வந்துட்டுது உன் சாக்கு. இழு அந்தாண்ட" என்றாள். பவுனு இழுக்கவில்லை. இரண்டு பேரும் சந்தை கூடும்வரைக்கும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

இப்போது பவுனு ஒவ்வொரு சந்தைக்கும் போகிறாள். புளியமரத்து இடம் அவளுடையதாகத்தான் இருக்கிறது. முழங்கால் முன்னைவிட மோசமும் இல்லை, சரியாகவும் ஆகவில்லை. குளிர்நாளில் வலிக்கிறது. ஒரு தடவை கால்வாய் வார வந்தபோது படியை இரண்டு பேர் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள், சாயங்காலம் மறுபடி போட்டாயிற்று. வியாபாரத்தில் சில வாரம் கை நிறைகிறது, சில வாரம் ஆட்டோ வாடகைக்கே சரியாகப் போய்விடுகிறது. ஆவணியில் கீழிருந்து இரண்டாவது பலகை விரிசல் விட்டது. பாண்டுரங்கன் அதை மாற்றியிருக்கிறார், இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை.